எதிர்க்கட்சி பேசாத காலை

"ரொட்டி கருகுது அத்தை."

மருமகள் அன்று காலை எழுந்ததிலிருந்து தானாக வாயைத் திறந்து சொன்னது அது ஒன்றுதான். சொல்லிவிட்டு அடுப்பையும் அவளே அணைத்தாள். கருகினதைத் தன் தட்டில் போட்டுக்கொண்டு, நல்லதை மாமனாருக்கும் மாமியாருக்கும் வைத்தாள்.

"அதை ஏன்மா நீ எடுத்துக்கற? இங்க குடு."

"பரவாயில்ல."

நேற்று மாலை ஆபீசில் நடந்ததைச் சொல்லி முடித்ததிலிருந்து அந்த வீட்டில் எதைக் கேட்டாலும் இந்தப் 'பரவாயில்ல'தான். காப்பியில் சர்க்கரை குறைச்சலா என்றாலும் அதுதான். மழையில் நனைந்துவிட்டாயே என்றாலும் அதுதான்.

வெள்ளிக்கிழமைக் காலை அந்தச் சாப்பாட்டு மேசை இப்படி இருந்ததே கிடையாது. மாமியாருக்கு ஊர் வைத்த பெயர் மைக்கம்மா. வேலைக்காலம் முழுக்க பஸ் நிலையத்தில் அறிவிப்பாளராக இருந்தவள். எந்த வண்டி எந்த மேடையில் நிற்கும் என்று அவள் குரல் சொன்னால், தூங்கிக்கொண்டிருந்தவன்கூடப் பையைத் தூக்கிக்கொண்டு சரியான பக்கம் நடப்பான். ஓய்வு பெற்றதும் உள்ளூர் வானொலிக்காரர்கள் வந்து, வெள்ளிதோறும் மாலை ஆறு மணிக்கு ஒரு மைக்கை அவள் முன்னால் வைத்துவிட்டார்கள். நிகழ்ச்சிக்குப் பெயர், 'எங்க தெரு சொல்லுது'. குப்பை வண்டி, தண்ணீர்க் குழாய், பூட்டியே கிடக்கும் பூங்கா என்று ஊர் விவகாரம் எதுவானாலும், ஒரு குடியிருப்பாளராகத் தன் கருத்தை அவள் சொல்லலாம்.

எழுதிவைத்துப் படிக்கிற பழக்கம் அவளுக்கு இல்லை. காலையில் வீட்டாரோடு சண்டை போட்டுப் பார்ப்பாள். யாராவது ஒருத்தர் எதிர்க்கட்சியாக உட்கார்ந்து, மாற்றுக் கருத்தை மூச்சுவிடாமல் பேச வேண்டும். அதில் அடிபடாமல் நின்ற வாதம் மட்டும் மாலையில் மைக்குக்குப் போகும்.

முதலில் அந்தப் பதவி கணவருக்குத்தான் இருந்தது. ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி நடத்துகிறவர், ஊருக்கு மாஸ்டர். இரண்டாவது வாக்கியத்திலேயே "நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று பிரேக் போட்டுவிடுவார் என்பதால் பதவி பறிபோனது. அடுத்து வந்த மகன் கொஞ்சம் தாக்குப்பிடித்தான்; கப்பல் வேலை கிடைத்ததும் போய்விட்டான். அவன் மனைவி வீட்டுக்கு வந்த பிறகுதான் மைக்கம்மாவுக்குச் சரியான ஜோடி அமைந்தது. நகராட்சியின் சாலைப் பிரிவில் வரைபடம் வரைகிறவள். கோடு போட்ட மாதிரி பேசுவாள்.

போன வாரம் பேசியது ஆஸ்பத்திரி பஸ் நிறுத்தம். பெரிய ஆஸ்பத்திரி வாசலில் இருக்கும் நிறுத்தத்தை, நெரிசல் குறையும் என்று சாலைக்கு எதிர்ப்பக்கம், புதுக் கடைவளாகத்தின் முன்னால் மாற்றப்போகிறார்களாம். 'பொதுமக்கள் கருத்து வரவேற்கப்படுகிறது' என்று நகராட்சி பலகைகூட வைத்திருந்தது. எதிர்க்கட்சியும் ஆளுங்கட்சியும் மேசையில் மோதிக்கொண்டன. சூடு ஏறிய ஒரு கட்டத்தில் மருமகள் சொல்லிவிட்டாள்:

"புது இடத்துக்கு நிழற்குடையே ஆர்டர் பண்ணியாச்சு அத்தை. இனிமே நீங்க கருத்து சொல்லி என்ன ஆகப்போகுது?"

அன்று மாலை ஆறு மணிக்கு மைக்கம்மா கேட்டாள்: "நிழற்குடைக்கு ஆர்டர் போயாச்சு. அப்புறம் நம்மகிட்ட கருத்து எதுக்கு, வேடிக்கைக்கா?"

ஊர் கொதித்தது. நகராட்சியில் வெளியே கத்தியவர்களைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை. உள்ளே யார் வாய் திறந்தது என்று தேடினார்கள். தேட அதிக நேரமா ஆகும்? மைக்கம்மாவின் மருமகள் எந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள் என்பது வாசல் காவலாளிக்கே தெரியும்.

"என்ன, இன்னிக்கு எதிர்க்கட்சி வெளிநடப்பா?" என்று மாஸ்டர் பேச்சைக் கிளப்பிப் பார்த்தார்.

யாரும் சிரிக்கவில்லை. அவர் தட்டைப் பார்த்துக்கொண்டு ரொட்டியைப் பிய்த்தார்.

மைக்கம்மா நாற்காலியை மருமகள் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்தாள்.

"உங்க ஆபீசர் சரியா என்ன சொன்னார்?"

"நேத்தே சொன்னேனே."

"நேத்து அழுதுகிட்டே சொன்ன. பாதி புரியல."

"நான் ஒண்ணும் அழல."

"சரி, மூக்கை உறிஞ்சிக்கிட்டே சொன்ன."

மருமகள் தண்ணீரைக் குடித்துவிட்டு டம்ளரை வைத்தாள். "உங்க வீட்டு ரேடியோவ நீங்களே நிறுத்திடுங்கன்னார். இன்னிக்கு நிகழ்ச்சியில நீங்க, 'போன வாரம் சொன்னது என் ஊகம், யாரும் எனக்குச் சொல்லல'ன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டா இதோட விட்டுடுவாராம். இல்லன்னா திங்கக்கிழமை விசாரணை. அடுத்த மாசம் நிரந்தரமாக வேண்டிய வேலை அத்தை. விசாரணையில நிக்கறவள யாரு நிரந்தரம் பண்ணுவா?"

"கருத்து கேக்கறோம்னு பலகை வெச்சிட்டு, கேக்கறதுக்கு முன்னாடியே ஆர்டர் போட்டாங்களே, அது தப்பில்ல. அதைச் சொன்னதுதான் தப்பாக்கும்."

"நான் உங்ககிட்ட இப்ப வாதாடல. வாதாடித்தான் இங்க வந்து நிக்கறேன்."

"வெள்ளிக்கிழமை இந்த மேசையில பேசறது மைக்குக்குப் போகும்னு உனக்குத் தெரியாதா என்ன?"

"வாதம் போகும்னு தெரியும். என் ஆபீஸ் போகும்னு தெரியாது."

மைக்கம்மா பதில் வைத்திருந்தாள். எப்போதும் வைத்திருப்பாள். ஆனால் அன்று அந்தப் பதில் வாய்வரைக்கும் வந்து திரும்பிப் போய்விட்டது. நிழற்குடைப் பேச்சு காதில் விழுந்த அந்த நிமிஷம் தன் மனசு எப்படித் துள்ளியது என்று அவளுக்குத் தெரியும். இது போதும், இதை வைத்து ஒரு வாரம் ஊரைப் பேச வைக்கலாம் என்று துள்ளியது. இதைச் சொல்லலாமா என்று இந்தப் பெண்ணிடம் ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவே இல்லை.

மருமகள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள்.

"நான் சொல்லுங்கன்னும் சொல்லல, சொல்லாதீங்கன்னும் சொல்லல. உங்க மைக். உங்க இஷ்டம்."

"குடை எடுத்துக்கிட்டியா?"

"பரவாயில்ல."

கதவு சத்தமில்லாமல் சாத்திக்கொண்டது. அடித்துச் சாத்தியிருந்தால் மைக்கம்மாவுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

மாஸ்டருக்கு ரத்த அழுத்த மாத்திரை தீர்ந்துகொண்டிருந்தது. இன்னும் ஒரு வாரத்துக்கு வரும் என்று அவர் சொன்னதைக் காதில் வாங்காமல் மைக்கம்மா ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினாள். வீட்டில் உட்கார்ந்திருந்தால் சுவரோடு பேச ஆரம்பித்துவிடுவோமோ என்று அவளுக்குப் பயம்.

மாத்திரை வாங்கிக்கொண்டு வெளியே வந்து, நிறுத்தத்துச் சிமெண்டுத் திட்டில் உட்கார்ந்தாள். எதிரே கடைவளாகம் கண்ணாடியாய் மின்னியது. நடுவில் சாலை. வண்டிகள் ஒன்றன் வாலை ஒன்று பிடித்துக்கொண்டு போயின. ஒரு நடுவயதுக்காரர் கடக்கலாம் என்று காலை வைப்பதும் எடுப்பதுமாக நின்றுகொண்டிருந்தார்.

"வாங்க மைக்கம்மா," என்று ஆஸ்பத்திரிக் காவலாளி சிரித்தார். "உங்க புண்ணியத்துல இந்த வாரம் ரெண்டு பேர் வந்து ஸ்டாப்பப் போட்டோ எடுத்துட்டுப் போனாங்க. நானும் நின்னேன், என்னை விட்டுட்டு எடுத்தாங்க."

"உங்க கருத்து என்ன?"

"எனக்கா? எனக்கு மாத்திட்டா சௌகரியம். கேட்டுல கும்பல் இருக்காது. ஆம்புலன்சுக்கு வழிவிடச் சொல்லித் தொண்டை வத்தாது. ஆனா இவங்கள வெச்சுக்கிட்டு அப்படிச் சொல்ல முடியுமா?"

அவர் கை காட்டிய பக்கத்தில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். மருமகளைவிடக் கொஞ்சம் மூத்தவளாக இருப்பாள். முழங்கை மடிப்பில் பஞ்சு வைத்து ஒட்டியிருந்தது. சிறுநீரகம் கெட்டுப்போய், ரத்தம் சுத்தம் செய்துகொள்ள வருகிறவள்.

"வாரத்துல மூணு தடவ வரேம்மா," என்றாள் அவள். "உள்ள போறப்போ நான்தான் நடந்து போறேன். வெளிய வர்றப்போ காலு என்னுது இல்ல. அந்தப் பக்கம் ஸ்டாப்ப வெச்சா, நான் பாதி ரோடு போறதுக்குள்ள சிக்னல் மாறிடும். நடுவுல நின்னு என்ன பண்ண, கடைக்கு வர்றவங்களுக்கு டாட்டா காட்டவா?"

காவலாளி சிரித்துவிட்டு, சிரித்திருக்கக் கூடாதோ என்று தொப்பியைச் சரிசெய்துகொண்டார்.

"இன்னிக்கு ஆறு மணிக்கு இன்னும் நல்லா குடுங்கம்மா அவங்களுக்கு," என்றாள் அந்தப் பெண். "எங்க வீட்ல ரேடியோவ அடுப்படியிலதான் வெச்சிருக்கோம்."

"ம்."

வாழ்நாளில் யாருக்கும் வெறும் 'ம்' சொல்லி விட்டவள் இல்லை மைக்கம்மா. அவளுக்கே அது வேறு யாரோ சொன்னது போலிருந்தது.

பஸ் வந்தது. அந்தப் பெண் படியில் ஒரு காலை வைத்து, கம்பியைப் பிடித்து மூச்சு வாங்கி, மறுகாலைத் தூக்கி வைக்கும்வரை ஓட்டுநர் பொறுமையாக நின்றார். வண்டி போன பிறகும் மைக்கம்மா அங்கேயே உட்கார்ந்திருந்தாள்.

கணக்கு அவளுக்குத் தெளிவாகத்தான் இருந்தது. இந்த நிறுத்தத்துக்காகப் பேச ஊரே இருக்கிறது. தீ பற்றிக்கொண்டுவிட்டது, இனி அவள் ஊத வேண்டியதில்லை. மருமகளின் வேலையைக் காப்பாற்ற மட்டும் வேறு யாராலும் முடியாது. ஒரு வார்த்தைதான். ஊகம். மூன்றெழுத்து. எத்தனை ஊர்ப் பெயர்களைச் சொன்ன வாய், இதைச் சொல்ல மாட்டேன் என்றா சொல்லும்?

கைப்பேசியை எடுத்து மருமகளைக் கூப்பிட்டாள்.

"என்ன அத்தை?" குரல் தணிந்து வந்தது. பின்னால் அச்சு இயந்திரம் ஓடுகிற சத்தம்.

"சொல்லிடறேன்மா. ஊகம்னு."

"சரி அத்தை."

"உனக்கு நிம்மதிதானே?"

"நிம்மதிதான்." பிறகு, "எங்க இருக்கீங்க? ஒரே வண்டிச் சத்தம்."

"ஆஸ்பத்திரி ஸ்டாப்புல. மாமாவுக்கு மாத்திரை வாங்க வந்தேன். அப்படியே பாத்துட்டு உக்காந்திருக்கேன். நீ இந்த ஸ்டாப்புல நின்னிருக்கியா?"

"அந்தப் படம் வரைஞ்சவளே நான்தானே."

"வரைஞ்சது தெரியும். நின்னிருக்கியான்னு கேட்டேன்."

"ஆபீசர் கூப்பிடறார். வெக்கறேன். நீங்க சாப்பிட்டுட்டுப் போங்க."

ஐந்தரை மணிக்கு மாஸ்டர் பயிற்சிக் காரைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினார். பக்கத்து இருக்கையிலும் ஒரு பிரேக் இருக்கிற வண்டி. மாணவர்களுக்கு அருகில் உட்கார்ந்தே பழகியவர் என்பதால், தானே ஓட்டும்போது அவருக்குக் கொஞ்சம் தடுமாற்றம்தான். எதிரே யாராவது வந்தால் ஸ்டீயரிங்கைப் பிடித்திருப்பவனைத் திட்டுவதற்காகத் திரும்பிப் பார்ப்பார்.

மைக்கம்மா அந்தப் பிரேக்கின் மேல் பாதத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"காலை எடு. அது நிஜ பிரேக்கு."

"தெரியும்."

"தெரிஞ்சும் வெச்சிருக்கியே, பயமா இருக்கு." சற்று தூரம் ஓட்டிவிட்டுச் சொன்னார்: "கல்யாணம் ஆனதுலருந்து பாக்கறேன். நீ ரிவர்ஸ் கியர் போட்டு நான் பாத்ததில்ல."

"இன்னிக்குப் பாத்துக்கங்க."

"எப்படிப் போடறதுன்னு தெரியுமா? முதல்ல வண்டிய முழுசா நிறுத்தணும். ஓடற வண்டிய ரிவர்சுல போட்டா கியர் பெட்டி உடைஞ்சிடும்."

"எனக்குப் பாடம் எடுக்காதீங்க. ஃபீஸ் தரமாட்டேன்."

அவர் சிரித்தார். அவளும் லேசாகச் சிரித்தாள். சிக்னலில் வண்டி நின்றபோது அவர் சாலையைப் பார்த்தபடியே கேட்டார்: "மருமக கேட்டாளா, நீயா முடிவு பண்ணிட்டியா?"

"கேக்கல. கேட்டிருந்தா சண்டை போட்டிருப்பேன். கேக்காம விட்டுட்டுப் போயிட்டா. அதான் கஷ்டமா இருக்கு."

"ம்."

"உங்க 'ம்'மை வீட்ல வெச்சுக்கங்க. காலையிலருந்து நானே ஒண்ண வெச்சுக்கிட்டுத் திண்டாடறேன்."

வானொலி நிலையம் என்று பெரிதாகச் சொன்னாலும், ஒரு டயர் கடைக்கு மேலே இரண்டு அறைகள்தான். கீழே காற்றடிக்கிற சத்தம் சில சமயம் நிகழ்ச்சிக்குள்ளேயே வந்துவிடும். ஒலிபரப்பைப் பார்த்துக்கொள்ளும் தம்பி, கழுத்தில் ஹெட்போனைத் தொங்கவிட்டுக்கொண்டு ஓடிவந்தான். ஏழெட்டு வருஷமாக அதே வேலை; தாடி நரைக்க ஆரம்பித்தும் அவளுக்குத் தம்பிதான்.

"இன்னிக்கு எல்லா லைனும் இப்பவே எரியுது மைக்கம்மா. நீங்க பேசி முடிச்சதும் ஒவ்வொண்ணா எடுக்கறேன். நகராட்சிலருந்துகூட யாரோ ரெண்டு தடவ கூப்பிட்டு, 'நிகழ்ச்சி உண்டுதானே'ன்னு கேட்டாங்க."

"உண்டுன்னு சொல்லிட்டீங்கல்ல?"

"நான் ஏன் பொய் சொல்லப்போறேன்."

அவள் உள்ளே போய் உட்கார்ந்தாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மாஸ்டர் நின்றுகொண்டிருந்தார். சிவப்பு விளக்கு எரிந்தது.

"எல்லாருக்கும் வணக்கம். எங்க தெரு சொல்லுது."

அந்தக் குரலைக் கேட்டதும் டயர் கடையில் காற்றடிப்பதை நிறுத்திவிடுவார்கள் என்று ஒரு பேச்சு உண்டு. அன்றும் நின்றது.

"முதல்ல குப்பை வண்டி. காலையில வரும்னு சொல்லிட்டு மதியம் வருது. காலையில வெளிய வெச்ச குப்பைய மதியம் வரைக்கும் நாய் பாத்துக்குது. என் கருத்து என்னன்னா, வண்டி வராத தெருவுக்கு வராதுன்னு சொல்லிடுங்க. நாங்க ஏமாறாம இருப்போம். அடுத்தது பூங்கா. புதுசா பெயிண்ட் அடிச்ச பெஞ்சு கெட்டுப்போகும்னு கேட்டப் பூட்டி வெச்சிருக்காங்க. பெஞ்சு நம்மள உக்கார வெக்கவா, நாம பெஞ்சுக்குக் காவலிருக்கவா?"

தம்பி கண்ணாடிக்கு அப்பால் கட்டைவிரலை உயர்த்தினான். குரல் தன் தண்டவாளத்தில் ஏறிவிட்டது. அவளுக்கே கொஞ்சம் தெம்பு வந்தது. வந்த வேகத்தில் முடித்துவிடலாம் என்று நினைத்தாள்.

"மூணாவது, ஆஸ்பத்திரி ஸ்டாப்பு. போன வாரம் நிழற்குடைக்கு ஆர்டர் போயாச்சுன்னு சொன்னேன். அது வந்து..."

பஸ் நிலையத்தில் அவள் தனக்கென்று வைத்திருந்த சட்டம் ஒன்றுதான். உறுதியாகத் தெரியாததை மைக்கில் சொல்வதில்லை. தெரிந்து சொன்னதை மாற்றுவதில்லை. ஒரு பொய் அறிவிப்பு வந்தால் சனங்கள் மூட்டை முடிச்சோடு எந்தப் பக்கம் ஓடுவார்கள் என்று அவள் பார்த்ததில்லை; பார்க்க நேராமல் பார்த்துக்கொண்டாள்.

"அது வந்து, என்னோட..."

வார்த்தை வரவில்லை. உதடு அசைந்தது, சத்தம் மட்டும் இல்லை. கண்ணாடிக்கு அப்பால் மாஸ்டர், பிரேக்கை மிதிப்பதுபோல் வலது காலைத் தரையில் அழுத்தி நின்றார்.

வானொலியில் இரண்டு மூச்சு நேரம் மௌனம் வந்தால் ஊரில் பாதிப் பேர் பெட்டியைத் தட்ட ஆரம்பித்துவிடுவார்கள். தம்பி பதறிப்போய், கண்ணில் பட்ட முதல் லைனைத் தூக்கிவிட்டான்.

"மன்னிக்கணும், ஒரு நேயர் காத்துட்டிருக்காங்க. வணக்கம், யார் பேசறீங்க?"

"வணக்கம். ஒரு குடியிருப்பாளர்." இரைச்சலுக்கு நடுவே ஒரு பெண் குரல். "மைக்கம்மா வீட்லதான் குடியிருக்கேன். அவங்க மருமக."

தம்பியின் கை அந்தரத்தில் நின்றது.

"நீ போனை வைமா," என்றாள் மைக்கம்மா. ஊர் முழுக்கக் கேட்டது.

"வெக்கமாட்டேன் அத்தை. நீங்க இப்ப 'ஊகம்'னு ஒரு பொய் சொல்ல வந்தீங்க. தொண்டையில நின்னுடுச்சு. உங்களுக்குப் பழக்கமில்ல, விட்டுடுங்க."

"நீ எங்கருந்து பேசற?"

"ஆஸ்பத்திரி ஸ்டாப்புலருந்து. ஆபீஸ் விட்டதும் நேரா இங்க வந்தேன். காலு வலிக்கற ஒருத்தர் கையப் புடிச்சு, எதிர்ப்பக்கம் போய்ப் பாத்தேன். பாதியில மாட்டிக்கிட்டோம். லாரிக்காரர் ஒருத்தர் என் பரம்பரையையே விசாரிச்சிட்டுப் போனார்." ஒரு பஸ் கடந்து போகிற சத்தத்துக்கு அவள் நின்று தொடர்ந்தாள். "கம்ப்யூட்டர்ல அந்த ரோடு ரெண்டு கோடு. ஒரு கோட்டுலருந்து இன்னொரு கோட்டுக்கு ஒரு கிளிக்குல போயிடுவேன். அந்தப் படத்த வரைஞ்சது நான்தான். நான் வரைஞ்சது தப்பு. என் தப்ப நான் சொல்றதுக்கு யாருகிட்டயும் அனுமதி கேக்க வேணாம்னு நெனக்கறேன்."

"அதச் சொல்லிட்ட. போதும். மிச்சத்த விட்டுடு."

"மிச்சந்தான் முக்கியம். நிழற்குடைக்கு ஆர்டர் போனது உண்மை. அத்தைகிட்ட சொன்னது நான். சாப்பிடற இடத்துல, கோவத்துல சொன்னேன். யார் சொன்னதுன்னு இனிமே ஆபீஸ்ல யாரும் அலைய வேணாம். எனக்கு வேலை வேணும். நல்லா வரைவேன், அது எனக்கே தெரியும். ஒளிஞ்சிக்கிட்டு அந்த வேலையில இருக்க மட்டும் எனக்குப் பிடிக்கல."

மைக்கம்மாவுக்குக் கண் கரித்தது. துடைத்தால் தம்பி பார்ப்பான் என்று விட்டுவிட்டாள். பேசினால் குரல் காட்டிக்கொடுத்துவிடும். அதனால் தனக்குத் தெரிந்த ஒரே வழியில் பேசினாள்.

"அப்போ ஸ்டாப்பு இருக்கற எடத்துலயே இருக்கட்டும்கற. அப்படித்தானே?"

"நான் எங்க அப்படிச் சொன்னேன்? இருக்கற எடமும் தப்புதான் அத்தை. வளைவுல இருக்கு. பஸ் நின்னா ஆம்புலன்ஸ் நுழைய முடியல. அத நீங்க ஒரு வாரமாச் சொல்லவே இல்ல."

"ஆம்புலன்ஸ மறைக்கறது பஸ்ஸா? வாசல்ல காரை நிறுத்திட்டுப் பழம் வாங்கப் போறாங்களே, அவங்க. முதல்ல அவங்கள எடு."

"கார எடுத்தாலும் வளைவு வளைவுதான். கேட்டத் தாண்டி, இதே பக்கம், சுவரோரமா தள்ளி வெச்சா ரெண்டுக்கும் வழி கிடைக்கும். யாரும் ரோட்டத் தாண்ட வேணாம். நாளைக்கே வரைஞ்சு குடுப்பேன்."

"சுவரோரம் சாக்கடை மூடி உடைஞ்சு கெடக்கு. அது தெரியுமா உனக்கு?"

"இப்பதான் கால வெச்சுத் தெரிஞ்சுக்கிட்டேன்."

கீழே டயர் கடையில் யாரோ சத்தமாகச் சிரித்தார்கள். தம்பி தன் தலையில் கையை வைத்துக்கொண்டு சிரித்தான். கண்ணாடிக்கு அப்பால் மாஸ்டர் அழுத்தின காலை மெதுவாக எடுத்துக்கொண்டு, பக்கத்திலிருந்த ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"கால்ல அடியா?" மைக்கம்மாவின் குரல் சட்டென்று வீட்டுக் குரலாகிவிட்டது.

"ஈரந்தான். பரவாயில்ல."

இந்தப் 'பரவாயில்ல' வேறு மாதிரி இருந்தது.

"அங்கயே இரு. மாமா வண்டிய எடுத்துட்டு வருவார்." பிறகு மைக்கை நேராக்கிக்கொண்டாள். முதுகு தானாக நிமிர்ந்தது. "கேட்டுட்டு இருக்கறவங்களுக்குச் சொல்றேன். போன வாரம் நான் சொன்னது ஊகம் இல்ல. உண்மைதான். ஆனா அந்த உண்மை என்னுது இல்ல. அதுக்குச் சொந்தக்காரியக் கேக்காம எடுத்துப் பேசிட்டேன். அது என் தப்பு. இந்த மைக்குலயே செஞ்சேன், இந்த மைக்குலயே சொல்றேன். ஸ்டாப்பு விஷயத்துல எங்க ரெண்டு பேருக்கும் கருத்து வேற வேற. எங்க வீட்ல அப்படித்தான். உங்க கருத்தையும் சொல்லுங்க. பலகை வெச்சவங்க கேக்கலன்னா இங்க வந்து சொல்லுங்க."

லைன்கள் எல்லாம் எரிந்துகொண்டிருந்தன. தம்பி அடுத்ததை எடுத்து ஹெட்போனில் பெயர் கேட்டான். கேட்டவன் முகம் மாறிப்போய், மைக்கை மூடிக்கொண்டு, கண்ணாடி வழியாக வாயசைத்தான். அவளுக்குப் புரியவில்லை. அவன் கதவைத் திறந்து தலையை நீட்டினான்.

"நகராட்சி சாலைப் பிரிவு ஆபீசராம் மைக்கம்மா. உங்க மருமக ஆபீசர். நேரலையில பேசணுமாம். இப்பவே. என்ன பண்ணட்டும், லைன் கட்டாயிடுச்சுன்னு சொல்லிடவா?"

மைக்கம்மா புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, மைக்குக்கு இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்கார்ந்தாள்.

"குடுங்க தம்பி. அவரும் இந்த ஊர்லதானே குடியிருக்கார்."